கேட்டால் மட்டும் சொல்லவும்

செவ்வாய்க்கிழமைகளில் என் பெயர் திருமதி ஹிஸ்காக்.
வயது அறுபத்தொன்று. கணவர் இல்லை.
மகன் தூரத்து ஆல்பர்ட்டாவில், எண்ணெய் வயலில்.
இடுப்பு வலி, ரத்தக் கொதிப்பு,
போன மாதம் குளியலறையில் ஒரு சறுக்கல்.
எல்லாம் மஞ்சள் தாளில் இருக்கிறது.
மணிக்குப் பதினெட்டு டாலர். தேநீர் இலவசம்.
மற்ற நாட்களில் நான் லொரேட்டா.

தாளின் அடியில், தடித்த எழுத்தில்:
மாத்திரையைப் பாதியாக வெட்டி விழுங்குகிறார்.
கேட்டால் மட்டும் சொல்லவும்.

செயின்ட் ஜான்ஸில் மூடுபனி
கல்லூரி ஜன்னல்வரை வந்து நிற்கிற காலை.
ஐந்து பேர் வருகிறார்கள்,
கழுத்துப்பட்டையில் ஐந்து நிறம்.
ஒருவருக்கொருவர் பெயரைச் சொல்லவில்லை,
படிப்பைச் சொல்லிக்கொண்டார்கள்.

நர்ஸாகப் போகிறவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கதகதப்பான கை.
மாத்திரை தினமும் போடுகிறீர்களா?
போடுகிறேன். பொய்யில்லையே.
மருந்தாளராகப் போகிற செல்பி கேட்டான்:
தலைசுற்றல், குமட்டல்?
இல்லை.
சமூகப்பணி படிக்கிற கெஸியா, லாப்ரடாரிலிருந்து வந்தவள்,
பணத்துக்குச் சிரமமா என்றாள்.
அடுப்பெண்ணெய் விற்கிற விலையில் யாருக்குத்தான் இல்லை, என்றேன்.
சிரித்தாள். ஆனாலும் எழுதிக்கொண்டாள்.
பிசியோதெரபிக்காரன் என் பாதங்களோடு மட்டும் பேசினான்.
டாக்டருக்குப் படிக்கிறவன் கடிகாரத்தோடு.

பிறந்த தேதியை நாலு பேர் கேட்டார்கள்.
நாலாவது ஆளுக்கு மாற்றிச் சொன்னேன்.
யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பதினேழு வருடம் மீன் ஆலையில் நின்றவள் நான்.
தலைக்கு ஒருத்தி, குடலுக்கு ஒருத்தி,
தோலை உரிக்க ஒருத்தி, முள்ளுக்கு நான்.
முழு மீனை எங்களில் யாரும் பார்த்ததில்லை.
ஆனால் முழங்கையோடு முழங்கை இடிக்கும்.
பெர்னடினின் கத்தி அரை நொடி தயங்கினால்
ராத்திரி அவள் தூங்கவில்லையென்று எனக்குத் தெரியும்.
இந்தப் பிள்ளைகளின் நாற்காலிகளுக்கிடையே
ஒரு படகு போகலாம்.

பிறகு கலந்துபேச்சு. நான் அங்கேயே இருந்தேன்,
மேஜை இருப்பதுபோல.
டாக்டருக்குப் படிக்கிறவன் தொடங்கினான்,
அவனே முடித்தான்.
மற்றவர்கள் பேனாவுக்கு மூடி போட்டார்கள்.
போன செவ்வாயும் இப்படித்தான்.
சொல்லாத வரியோடு தாளை மடித்துக் கொடுத்துவிட்டு
பஸ் ஏறினேன்.

இன்று செல்பி தொண்டையைச் செருமினான்.
முப்பது நாள் மருந்து. அறுபதாம் நாள்தான்
திரும்ப வாங்கியிருக்கிறார்.
மறதி என்று குறித்திருக்கிறேன்.

கெஸியா நாற்காலியை இழுத்தாள்.
தரையில் அது கிறீச்சிட்டது.
அவன் தாளில் எட்டிப் பார்த்து
'மறதி'மேல் விரலை வைத்தாள்.
மறதியில்லை, என்றாள். அடுப்பெண்ணெய்.

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று.
அவளுக்கே அதைச் சொன்ன பிறகுதான் புரிந்ததுபோல இருந்தது.
இரண்டு பேரும் சேர்ந்து திரும்பினார்கள்.
பாதியாக வெட்டிப் போடுகிறீர்களா, அம்மா?

கேட்டார்கள். சொன்னேன்.

இதற்கு யாருக்கு மதிப்பெண் என்று
பிசியோக்காரன் முணுமுணுத்தான்.

பேராசிரியர் நோஸ்வொர்தி வாசல்வரை வந்தார்.
எவ்வளவு இயல்பு! எங்கே கற்றீர்கள்?
அந்தக் கடைசி வரி என் யோசனைதான்.
இந்த வயதில் மனிதர்கள் எதை மறைப்பார்கள் என்று
தாள் தயாரிக்கும்போது என்னிடம் கேட்டார்.
இதை, என்றேன்.
உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

வீட்டில் ஆலைக் கத்தி இன்னும் கூர்.
வெள்ளை வில்லை சரியாக நடுவில் பிளக்கும்.
விரலில் கொஞ்சம் தூள் ஒட்டும்.
அதையும் நக்கிக்கொள்வேன்.